குழலாய்ச் சுருண்ட அப்போலோ 11 பிரிண்டை நிமிர்த்திய கணக்கு

பதினெட்டாம் நாள், மேலே அழுத்தி வைத்திருந்த கண்ணாடியைத் தூக்கியபோது பிரிண்ட் மேசையோடு மேசையாகக் கிடந்தது. மூலைகளில் மட்டும் 3 மி.மீ. எழுச்சி. வந்து சேர்ந்தபோது அது 4 செ.மீ. விட்டமுள்ள குழல். இடையில் 11 மி.மீ. நீளத்துக்கு ஒரு விரிசல் கூடியிருக்கிறது. கூடவே வந்த விரிசல் அல்ல, சென்னையில் உண்டாக்கியது. இந்த வேலையில் இறங்கும் பலர் முதல் பத்து நிமிடத்திலேயே செய்கிற தப்பு அது என்பதால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

படம் இதுதான்: 1969 ஜூலை 21 அன்று நிலவில் இறங்கிய ஈகிள் கலத்தின் மேல்பாதி அங்கிருந்து கிளம்பி, நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலம் கொலம்பியாவை நோக்கி ஏறி வரும்போது, கொலம்பியாவில் இருந்த மைக்கேல் காலின்ஸ் எடுத்தது. கீழே ஸ்மித் கடலின் சமவெளி, நடுவில் கலம், அடிவானத்துக்கு மேலே பூமி. நாசா எண் ஏஎஸ்11-44-6642. அதாவது அப்போலோ 11, 44-ஆம் ஃபிலிம் மேகசின், 6642-ஆம் சட்டகம். 8×10 அங்குல வண்ணப் பிரிண்ட், அமெரிக்காவிலிருந்து அட்டைக் குழாயில் வந்தது.

கை வைப்பதற்கு முன் அது என்ன தாள் என்று தெரிய வேண்டும். விலைக்காக மட்டுமல்ல, வைத்தியமே தாளைப் பொறுத்தது. 10 மடங்கு லூப்பில், அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் ஆஃப்செட்டில் ஓட்டியது. நாசா அப்படிப்பட்ட அச்சுப்படங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது. அழகான பொருள்தான், ஆனால் புகைப்படம் அல்ல, படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலமும் கிடையாது. புகைப்படமென்றால் நிறங்கள் புள்ளியில்லாமல் மேகம் போல ஒன்றில் ஒன்று கரையும். அடுத்து ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஃபைபர் தாள் என்றால் வெட்டிய ஓரம் கெட்டி அட்டை போல, நுனி கொஞ்சம் பிசிர் பிசிராக இருக்கும். ஆர்.சி. தாள் என்றால் இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு, முதுகு வழவழக்கும். சுருள்வது பெரும்பாலும் ஃபைபர் தாள்தான். ஜெலட்டின் உலரும்போது தாளைவிட அதிகம் சுருங்கி, படம் உள்பக்கமாக இருக்கும்படி தாளை இழுத்துக்கொள்ளும். ஆர்.சி. தாளுக்கு முதுகிலும் பூச்சு இருப்பதால் அந்த இழுப்பு பெருமளவு சமமாகிவிடும்.

முதுகில் 'எ கோடக் பேப்பர்' என்ற எழுத்து சாய்வாக, மங்கலாகத் திரும்பத் திரும்ப வருகிறது. இதை மட்டும் வைத்து நாசா பிரிண்ட் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் அதே தாளில் கல்யாணப் படங்களும் அச்சாயின. வாட்டர்மார்க் தாளின் வயதைச் சொல்லும், அச்சிட்ட கூடத்தைச் சொல்லாது. அதைச் சொல்வது முன்பக்க மேல் ஓரத்தில் இருக்கும் சிவப்பு எண்ணும், முதுகில் ஊதா மையில் ஓடும் விளக்கக் குறிப்பும். குறிப்பின் தலையில் ஹூஸ்டன் 'மேன்ட் ஸ்பேஸ்கிராஃப்ட் சென்டர்' என்று இருக்கிறது. 1973 பிப்ரவரியில் அந்த மையம் ஜான்சன் பெயருக்கு மாறியது. ஆகவே பழைய பெயர் இருந்தால் குறிப்பு அதற்கு முந்தியது. '69-ஹெச்சி' என்று தொடங்கும் எண் இருந்தால் வாஷிங்டன் தலைமையகம் வண்ணத்தில் வெளியிட்டது. 'எஸ்-69' என்று தொடங்கினால் ஹூஸ்டனின் பொது வரிசை எண்.

ஒரு வாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். நிலவுத் தரைப் படங்களில் தெரியும் சிலுவைக் குறிகள் இந்தப் படத்தில் இல்லை, அதனால் போலி என்று சொல்பவர்கள் உண்டு. நிலவின் தரையில் பயன்பட்ட ஹாசல்பிளாட் கேமராவில்தான் 25 சிலுவைகள் பொறித்த கண்ணாடித் தகடு இருந்தது, 10 மி.மீ. இடைவெளியில், ஐந்துக்கு ஐந்து வரிசை. கொலம்பியாவுக்குள் காலின்ஸ் கையில் இருந்த கேமராவில் அந்தத் தகடு கிடையாது. 44-ஆம் மேகசின் படத்தில் சிலுவை இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி அந்த விரிசல். அட்டைக் குழாயைப் பிரித்தது ஏசி அறையில், 25 டிகிரி, ஈரப்பதம் 48 சதவீதம். முதுகைப் பார்க்கிற அவசரத்தில் சுருளை இரண்டு கையாலும் மெதுவாக விரித்ததில் 7 செ.மீ. அளவுக்குத் திறந்தது. அதற்குமேல் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பூமிக்கு மேலே இருக்கும் கரிய வானத்தில், சுருளின் அச்சுக்கு இணையாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. உலர்ந்த ஜெலட்டின் கண்ணாடி மாதிரி, வளையாது, உடையும். மெதுவாகப் பிரித்தால் உடையாது என்ற எண்ணம் தப்பு. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஈரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

அதன்பின் சுருளை அப்படியே ஒரு துணிப்பைக்குள் போட்டு, ஏசி இல்லாத அறையில் ஆறு நாள் விட்டேன். ஐப்பசி மாதம், ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் 76-க்கும் 82-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் சுருளின் விட்டம் 4 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ.க்குத் தானாகவே தளர்ந்திருந்தது. புகைப்படங்களைப் பாதுகாப்பதற்குச் சென்னைக் காற்று பகை, இந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவி. முதல் நாளே இப்படி விட்டிருந்தால் விரிசல் வந்திருக்காது.

மிச்சச் சுருளை ஆவியில் தளர்த்த ஈரப்பெட்டி வேண்டும், செய்வது எளிது. 45×32×20 செ.மீ. அளவில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. அடியில் மை ஒற்றும் தாள் இரண்டு, அதில் 150 மி.லி. ஆர்.ஓ. தண்ணீர். நான்கு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் வலை. பிரிண்ட் வலையின் மேல், தண்ணீரிலிருந்து 8 செ.மீ. உயரத்தில். உள்ளே வெளியிலிருந்து பார்க்கும்படி ஒரு ஹைக்ரோமீட்டர். தாளில் தண்ணீர் படவே கூடாது, ஆவி மட்டும்தான்.

ஹைக்ரோமீட்டர் வாங்கியதும் அதன் பேச்சை நம்பக் கூடாது. சமையல் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்தில் பிசைந்து, பாட்டில் மூடியில் வைத்து, கருவியோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து எட்டு மணி நேரம் விட்டால் உள்ளே 75 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு கருவி 71 காட்டியது, மற்றொன்று 79. அட்டையில் எழுதி முதுகில் ஒட்டிவிட்டேன், ஒன்றில் 4 கூட்டு, ஒன்றில் 4 கழி. இனி வரும் எண்களெல்லாம் திருத்திய எண்கள்.

அசலை வைப்பதற்கு முன் மூன்று பலியாடுகள் தேவைப்பட்டன. மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் கழிவில் கிடைத்த கருப்பு-வெள்ளைப் பிரிண்டுகள், அதே காலத்து ஃபைபர் தாள், பளபளப்புப் பூச்சு, அதே போலச் சுருண்டவை. வண்ணப் பிரிண்டோடு இவை முழுக்க ஒத்துப்போகாது. ஆனால் ஜெலட்டின் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லிக்கொடுக்க இவை போதும்.

முதல் ஆடு மூடியால் போனது. ஒரு மணி நேரத்தில் மூடியின் உள்பக்கம் வியர்த்து, ஒரு துளி படத்தின் மேல் விழுந்தது. காய்ந்தபின் அந்த இடத்தில் வளையமாக ஒரு குழி. பளபளப்பு திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு மூடியின் உள்ளே உலர்ந்த ஒற்றுத்தாளை டேப்பால் ஒட்டி, பெட்டியையும் ஒரு பக்கம் 2 செ.மீ. தூக்கி வைத்தாயிற்று. வியர்வை தாளுக்குப் போகும், மிஞ்சினால் ஓரமாக வழியும்.

இரண்டாவது, நேரத்தால் போனது. நான்கு மணி நேரம் உள்ளே இருந்ததில் முழுக்க நிமிர்ந்துவிட்டது, பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஜெலட்டின் ஊறி, விரலில் பிசினாக ஒட்டியது. மேலே வைத்த ஒற்றுத்தாளின் நார் அப்படியே முகத்தில் பதிந்து, பிரித்தபோது மீசை முளைத்த மாதிரி நின்றது.

மூன்றாவதில்தான் பெரிய பாடம். நார் பதியக்கூடாது என்று படத்தின் முகத்தின் மேல் வழுவழுப்பான பாலியஸ்டர் ஷீட்டை வைத்து அழுத்தினேன். மறுநாள் பிரித்தால் படம் முழுக்கத் தீவு தீவாகக் கண்ணாடிப் பளபளப்பு, நடுவில் மங்கல் வாய்க்கால்கள். ஈரத்தில் மிருதுவாகியிருக்கும் ஜெலட்டின் எதைத் தொடுகிறதோ அதன் முகத்தையே எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பளபளப்புப் பிரிண்டுகளை ஈரத்தோடு குரோம் தகட்டில் ஒட்டி உலர்த்தியதும் இதே குணத்தைப் பயன்படுத்தித்தான். தகட்டின் வழவழப்பு தாளுக்கு வந்தது. ஈரப்படுத்தும்போது அந்த வழவழப்பைக் கொஞ்சம் இழப்போம். அதைத் தவிர்க்க முடியாது. எவ்வளவு இழக்கிறோம், அந்த இடத்தில் எதைப் பதியவிடுகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில்.

சமையலறை பட்டர் பேப்பரும் உதவவில்லை. அதுவே ஈரத்தை உறிஞ்சி அலையடித்து, அலையைப் படத்துக்குக் கொடுத்தது. கடைசியில் வேலை செய்தது தையல் சாமான் கடையில் காலருக்குள் வைக்க விற்கும் நெய்யாத பாலியஸ்டர் துணி. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது இஸ்திரி போட்டால் ஒட்டும் ரகமாக இருக்கும். விரலால் தடவினால் பின்பக்கம் சின்னச் சின்னப் பசைப் புள்ளிகள் தெரியும், அது வேண்டவே வேண்டாம். பசையில்லாத ரகத்திலும் மெல்லியதாக, இழை நெருக்கமானதாகக் கேட்டு வாங்க வேண்டும். முரட்டு ரகத்தின் இழை வடிவம் பக்கவாட்டு வெளிச்சத்தில் படத்தின் மேல் தெரிகிறது. வாங்கி வந்ததும் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி உலர்த்தினால் கடைக் கஞ்சி போய்விடும்.

அசலுக்கு முன் ஊதா மையைச் சோதிக்க வேண்டியிருந்தது. காட்டன் பட்ஸின் நுனியை லேசாக நனைத்து, முதுகுக் குறிப்பில் ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் தொட்டதும் ஊதா பஞ்சில் ஏறிவிட்டது. தண்ணீர் பட்டால் கரைகிற மை. நனைந்த ஒற்றுத்தாளை முதுகில் வைத்து ஈரமேற்றும் வழியும் உண்டு. இங்கே அது நடக்காது, ஆவி ஒன்றே வழி. சுருளின் உள்ளேயும் வெளியேயும் ஊதுகுழாயால் தூசியை ஊதி, மிருதுவான தூரிகையால் ஓரங்களைத் துடைத்தேன். லென்ஸ் துடைக்கும் திரவம், ஸ்பிரிட், ஈரத்துணி எதுவும் கிட்ட வரக்கூடாது.

பெட்டி 29 டிகிரியில் 92 சதவீதத்தைத் தொட 50 நிமிடம் ஆனது. பிறகுதான் பிரிண்ட் உள்ளே போனது, படம் உள்பக்கமாக, முதுகு வலையில் படும்படி. 30 நிமிடத்தில் விட்டம் 7 செ.மீ., 75 நிமிடத்தில் 9, 110 நிமிடத்தில் தன் எடையிலேயே வாய் திறந்து ஓடு போல வளைந்து நின்றது. 130-ஆம் நிமிடம் எடுத்தாயிற்று. முழுக்க நிமிர்வதற்குக் காத்திருக்கக் கூடாது. கையில் எடுத்தால் நனைத்த அப்பளம் போலத் துவள வேண்டும், ஆனால் ஓரத்தில் வெள்ளைப் பகுதியை நைட்ரைல் கையுறை விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. அந்தப் பதம்.

பெட்டியிலிருந்து அழுத்தத்துக்குப் போக ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஏசி அறையில் முகம் சட்டென்று உலரத் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் முன்பே அடுக்கி வைத்திருந்தேன். கீழிருந்து மேல்: 12×14 அங்குலம், 6 மி.மீ. கண்ணாடி, ஒற்றுத்தாள், நெய்யாத துணி, படம் முகம் மேலாக, மறுபடி துணி, ஒற்றுத்தாள், இன்னொரு கண்ணாடி. மேல் கண்ணாடி 1.6 கிலோ, முதல் அரை மணி நேரத்துக்கு அந்த எடை மட்டும் போதும். அப்போதே பாரம் ஏற்றினால் துணியின் இழை உள்ளே இறங்கிவிடும். அரை மணி கழித்து ஒற்றுத்தாளை மாற்றி, அதன் பின் 3 கிலோ புத்தகங்கள்.

ஒற்றுத்தாள் மாற்றிய நேரங்கள்: 30 நிமிடம், 2 மணி, 6 மணி, பிறகு ஐந்து நாளைக்குத் தினம் ஒரு முறை. எடுத்த தாளை வெயிலில் காயவைத்து, சூடு முழுக்க ஆறிய பின் மறுபடி பயன்படுத்தலாம், பத்துத் தாள் சுற்றி வந்தது. நிமிர்ந்துவிட்டதே என்று இரண்டாம் நாள் எடுத்துவிடுவது இன்னொரு பொதுவான தப்பு. ஈரமேற்றுவது தாளை வளையக்கூடியதாக்கும், அவ்வளவுதான். தட்டையாக நிற்க வைப்பது மெதுவாக, அழுத்தத்தோடு உலர்வதுதான். இரண்டாவது ஆட்டின் ஒரு துண்டை வேண்டுமென்றே மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தேன். மாலைக்குள் 2 செ.மீ. எழும்பியது. அசல் பதினெட்டு நாள் கிடந்தது, அறை 25 டிகிரி, 52 சதவீதம்.

முதல் அரை மணி நேர ஒற்றுத்தாளில், துணியையும் தாண்டி, ஊதா எழுத்துகள் கண்ணாடி பிம்பமாக மிக லேசாகத் தெரிந்தன. முதுகில் வாசிப்புக்குக் குறையில்லை. ஆனாலும் மை கொஞ்சம் போயிருக்கிறது. முதுகுப் பக்கம் இரண்டு மடிப்புத் துணி வைத்திருக்க வேண்டும்.

விளைவு: பளபளப்பு முன்பைவிட ஒரு படி குறைவு, நேர் வெளிச்சத்தில் தெரியாது, ஜன்னலுக்குச் சாய்த்தால் தெரியும். இழைத் தடம் இடது கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கிறது, அங்கே துணி மடிந்திருந்தது. விரிசலைத் தொடவில்லை. கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் வெள்ளைக் கோட்டை மறைத்து விற்கப்படும் படங்களை லூப்பில் பார்த்தால் தெரிந்துவிடும், பின்னால் வருகிறவருக்கு அது இரட்டைத் தொல்லை.

நிமிர்ந்த பிறகுதான் ஸ்கேன் செய்ய முடிந்தது. 600 டிபிஐ, 48 பிட், தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் நிறுத்தி, அதாவது 4800×6000 புள்ளிகள். வெள்ளை ஓரம் மஞ்சளாகியிருக்கிறது, வானத்தின் கருப்பு சிவப்பேறிய பழுப்பாகச் சாய்ந்திருக்கிறது. அந்தக் காலத்து கோடக் வண்ணத் தாளில் இருட்டில் வைத்தாலும் மங்கும் சியான் சாயத்தின் வேலை அது. தாளில் இதைச் சரிசெய்ய எந்த மருந்தும் இல்லை, ஸ்கேனில் மட்டும் திருத்தலாம். மூல ஃபிலிம் ஹூஸ்டனில் உறைகுளிரில் இருக்கிறது, அதிலிருந்து எடுத்த ஸ்கேன் இதைவிட எல்லா விதத்திலும் மேல். இந்தத் தாளை வைத்திருப்பது நிறத்துக்காக அல்ல என்று தெரிந்துதான் வாங்க வேண்டும்.

பத்திரப்படுத்துவதில், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சொல்லும் பாலியஸ்டர் உறையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 40 சதவீத ஈரமுள்ள ஊரில் அது நல்லது. மின்சாரம் போய் அறை 80-ஐத் தொடும் ஊரில் மூன்றாவது ஆட்டின் கதைதான். அதனால் அமிலமற்ற, சுண்ணாம்புச் சேர்க்கை இல்லாத தாளில் நான்கு மடிப்பு உறை, அதற்கு வெளியே ரப்பர் வளையம் வைத்த பாலிபுரொப்பிலீன் டப்பா. பி.வி.சி. ஆல்பம், ஒட்டும் பக்க ஆல்பம் இரண்டும் கூடாது. டப்பாவுக்குள் 250 கிராம் ஆரஞ்சு சிலிகா ஜெல், துணிப்பையில். இங்கேயும் ஒரு சறுக்கல்: ஓவனில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம் காயவைத்த ஜெல்லை ஆறியதும் நேராகப் போட்டதில், டப்பா ஒரே இரவில் 24 சதவீதத்துக்கு இறங்கியது. நல்லவேளை, அப்போது உள்ளே இருந்தது சோதனைத் துண்டுதான், காலையில் அது மறுபடி சுருண்டிருந்தது. இப்போது ஜெல்லை ஏசி அறையில் தட்டில் பரப்பி இரண்டு நாள் ஈரம் வாங்கவிட்டு, பிறகுதான் போடுகிறேன்.

செலவு: பெட்டி 280, வலை 60, ஹைக்ரோமீட்டர் இரண்டு 700, ஒற்றுத்தாள் பத்து 300, துணி இரண்டு மீட்டர் 160, ஓரம் தேய்த்த கண்ணாடி இரண்டு 420, லூப் 250, டப்பா 450, சிலிகா ஜெல் ஒரு கிலோ 320. மூவாயிரத்துக்கு அறுபது ரூபாய் குறைவு. கையுறையும் உறைத்தாளும் முன்பே இருந்தன. கண்ணாடியில் மிச்சம் பிடிக்க 4 மி.மீ. வாங்க வேண்டாம், எடை போதாது.

அடுத்த முறைக்கு: குழாயை ஏசி அறையில் திறப்பதில்லை. வந்த பொருளை ஒரு வாரம் ஊர்க்காற்றில் விட்ட பிறகே பிரிப்பது. 92-க்குப் பதில் 85 சதவீதத்தில் நிறுத்தி, நேரத்தை மூன்று மணி நேரமாக நீட்டிப் பார்ப்பது, பளபளப்பு கூடுதலாக மிஞ்சலாம். துணியைப் படத்தைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரிதாக வெட்டுவது, மடிப்புத் தடம் வந்தது சின்னதாக வெட்டியதால்தான். விரிசல் ஏற்கனவே பல இடத்தில் ஓடி, ஜெலட்டின் செதில் செதிலாகத் தூக்கி நிற்கும் பிரிண்டுக்கு இந்த முறை பொருந்தாது, அதைச் சுருளாகவே வைத்திருப்பது நல்லது.

டப்பாவில் போட்டு மூன்று வாரம் ஆகிறது. வெளியே மழை, அறை 84, டப்பாவுக்குள் 47. மூலை எழுச்சி 3 மி.மீ.யிலிருந்து 4 ஆகியிருக்கிறது. 6-ஐத் தாண்டினால் மறுபடி கண்ணாடிக்கு அடியில் போகும், ஈரப்பெட்டிக்கு அல்ல.